பங்குனி ஆமைகளுக்காக ஓர் இரவு நடை

தை பிறந்ததும் சென்னைக் கடற்கரைக்கு ஆமைகள் வரத் தொடங்கிவிடும். பங்குனி முடியும்வரை, சில ஆண்டுகளில் சித்திரையிலும்கூட, பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுத் திரும்பும். மாலையில் சுண்டல் சாப்பிட்டுவிட்டு நாம் எழுந்து வருகிற அதே மணல்தான். பல வருடங்களாக இந்த ஊரில் இருப்பவர்களில் பலருக்கும் இது தெரியாது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் "ஒருநாள் போய்ப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்: ஆமை நடை என்றால் என்ன, இரவெல்லாம் அங்கே என்ன செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஆமை காட்டும் சுற்றுலா அல்ல. பருவம் முழுக்க ஒவ்வோர் இரவும் நடக்கிற வேலை இது. வாரக் கடைசியில் மட்டும் அந்த வேலையில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் போகும் இரவில் ஆமை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் நடை நடந்தே தீரும், ஏனென்றால் நாய்க்கு முன்பாக யாராவது முட்டையிடம் போய்ச் சேர வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1970-களின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்களும் இந்தக் கரையில் இரவில் நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு அரசுத் துறைகள் சில ஆண்டுகள் முட்டைப் பொரிப்பகம் நடத்தின. அது நின்றுபோன நிலையில், 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் குழுவுக்கு மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு என்று பெயர். இந்த நடையை நடத்துவது அவர்கள்தான். அன்றைய மாணவர்கள் இன்று நரைத்துவிட்டார்கள், புதிய மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வனத்துறையும் இப்போது தமிழகக் கரை நெடுகப் பொரிப்பகங்களை நடத்துகிறது. 2024 பருவத்தில் மாநிலம் முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன.

1970-களில் நடந்த அந்த முதல் தலைமுறையில் ஒருவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் நகர மனமில்லை. சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர் ஆமைக்குப் பின்னால் போய்விட்டார். இந்தியக் கரைகளில் எங்கெல்லாம் ஆமைகள் முட்டையிடுகின்றன என்பதை நடந்தே கண்டறிந்தவர் அவர். 1982 மழைக்காலத்தில், படகுப் போக்குவரத்தே இல்லாத மாதங்களில், லட்சத்தீவின் ஆளில்லாத ஒரு தீவில் தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் அதைப் பத்திரமாக அஞ்சலில் சேர்த்துவிட்டார். கடிதமும் வீடு வந்து சேர்ந்தது. 2023-இல் சதீஷ் பாஸ்கர் காலமானார். இந்தக் கரையில் இன்று யார் நடந்தாலும் அவர் போன்றவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

சென்னையில் வருகிற ஆமை பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. கடல் ஆமைகளில் சிறிய இனங்களில் ஒன்று இது. ஓடு இரண்டு அடிக்குச் சற்று மேல் நீளம், எடை 35 முதல் 50 கிலோ வரை. நண்டு, இறால், மீன், சொறிமுட்டை என்று கிடைப்பதைத் தின்னும். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இவை சில இரவுகளுக்குள் லட்சக்கணக்கில் கூட்டமாக ஏறுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நம் கரையில் அப்படி இல்லை. இங்கே தனித்தனியாக, ஆங்காங்கே, எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாதபடி வரும். அதனால்தான் நடந்து தேட வேண்டியிருக்கிறது.

வழக்கமான பாதை நீலாங்கரையிலிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர். இரவு 11 மணிக்கு மேல் கூடி, யார் எதற்கு வந்திருக்கிறோம் என்று ஒரு தன்னார்வலர் விளக்கமாகப் பேசிவிட்டு, நள்ளிரவையொட்டிக் கிளம்புவார்கள். பெசன்ட் நகரில் மணலில் வேலி போட்டு அமைத்திருக்கிற பொரிப்பகத்தில் போய் முடிப்பதற்குள் மூன்று, நான்கு மணி ஆகிவிடும். பிப்ரவரி, மார்ச்தான் உச்சம். அந்த மாதங்களில் போனால் ஆமையையோ அதன் தடத்தையோ பார்க்கும் வாய்ப்பு அதிகம். முன்பதிவு உண்டா, எத்தனை பேர் வரலாம், குழந்தைகளைச் சேர்ப்பார்களா என்பதெல்லாம் ஆண்டுக்காண்டு மாறுகிறது. பருவம் தொடங்கும்போது நடத்துபவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தயாராவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், தண்ணீர் கொண்டு வாருங்கள். அடர்ந்த நிறத்தில் உடை இருக்கட்டும். வெள்ளைச் சட்டை நிலா வெளிச்சத்தில் வெகுதூரம் தெரியும். வெறுங்காலோடு நடக்கலாம் என்று ஆசை வரும், வேண்டாம். உடைந்த பாட்டில், அறுந்த வலை, தூண்டில் முள் எல்லாம் மணலில் கிடக்கும். காலில் இறுகப் பிடிக்கும் செருப்பு போதும். ஷூவுக்குள் ஈர மணல் புகுந்தால் 7 கிலோமீட்டர் வதைதான். மணலில் நடப்பது சாலையில் நடப்பதுபோல் இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துவிட்டு வர வேண்டும்.

டார்ச் விளக்கு கொண்டுவரக் கூடாது என்பார்கள். கைப்பேசித் திரையையும் எடுக்க வேண்டாம் என்பார்கள். இதைத்தான் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தால் அது கலைந்துவிடும். உங்கள் கண்ணைவிட முக்கியமானது ஆமையின் கண். அலையோரம் தலையைத் தூக்கிக் கரையை நோட்டம் விடுகிற நேரத்தில் வெளிச்சமோ அசைவோ பட்டால், முட்டையைச் சுமந்துகொண்டே திரும்பிப் போய்விடும். அதனால் வழிநடத்துபவரிடம் மட்டும் ஒரு விளக்கு இருக்கும், தேவைப்படும்போது மட்டும் எரியும். பல இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கைப் பயன்படுத்துவார்கள். சிவப்பு வெளிச்சம் ஆமையின் கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காது.

இன்னொரு விதி, முன்னே போகும் தன்னார்வலரைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது. ஒழுங்குக்காகச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். உண்மையான காரணம் வேறு. அந்த இருட்டில் தேடுவது ஆமையை அல்ல, அதன் தடத்தை. அலை வந்து தட்டையாக்கிய ஈர மணலை ஒட்டி நடந்தால், கடலிலிருந்து மேட்டுக்குப் போகும் எந்தத் தடமும் உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். பத்துப் பேர் முன்னால் ஓடி மிதித்துவிட்டால் அந்தத் தடம் போயிற்று. போனது தடம் மட்டுமல்ல, அதன் முனையில் இருக்கிற நூற்றுச் சொச்சம் முட்டைகளும்தான்.

தடம் எப்படி இருக்கும்? டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்ததுபோல என்று தன்னார்வலர்கள் சொல்வார்கள், பார்த்தால் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள். இரண்டரை அடி அகலத்தில், இரண்டு பக்கமும் துடுப்பு இழுத்த சாய்ந்த கோடுகள், நடுவே வயிற்றுப் பகுதி தேய்ந்துபோன வழவழப்பு. பங்குனி ஆமை இடது முன்துடுப்பையும் வலது பின்துடுப்பையும், பிறகு வலது முன்துடுப்பையும் இடது பின்துடுப்பையும் என்று மாற்றி மாற்றி வைத்து ஊர்வதால், கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். பேராமை என்னும் இன்னொரு கடல் ஆமை இரு முன்துடுப்பையும் ஒன்றாக வீசி உந்தும், அதன் தடத்தில் கோடுகள் சோடியாக எதிரெதிரே இருக்கும். ஆமையைப் பார்க்காமலேயே எந்த இனம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு தடம் இருந்தால் குழுவே மூச்சடக்கி நின்றுவிடும். ஏறிய ஆமை இன்னும் இறங்கவில்லை என்று பொருள். இரண்டு தடம் இருந்தால் வந்து போய்விட்டது. அப்போதுதான் தேடல் ஆரம்பம். ஏறிய தடமும் இறங்கிய தடமும் மேட்டில் சந்திக்கிற இடத்தில் மணல் ஒரு சுற்று கலைந்து கிடக்கும். முட்டை அந்தச் சுற்றுக்குள் எங்கோ இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியாதபடி ஆமை மணலை வாரி இறைத்துவிட்டுப் போயிருக்கும். அனுபவமுள்ளவர் ஒரு மெல்லிய கம்பை எடுத்துக்கொண்டு மண்டியிடுவார். மெதுவாக, விரல் விட்டு விரல் தள்ளி, அழுத்திப் பார்ப்பார். இறுகிய மணலில் கம்பு நிற்கும். தோண்டி மூடிய குழியின் மேல் வந்ததும் கை நழுவியதுபோலச் சற்றே இறங்கும். அந்தக் கணத்தில் அழுத்தத்தை நிறுத்தத் தெரிய வேண்டும், இல்லையென்றால் கீழே முட்டை உடையும். புதியவர் கையில் கம்பைத் தராததற்கு இதுதான் காரணம்.

பிறகு கை மட்டும்தான். மேலே உலர்ந்த மணல், அதன் கீழே ஈர மணல், இன்னும் கீழே தளர்வான மணல். முழங்கை தாண்டித் தோளருகே கை இறங்கும்போது விரல் நுனியில் வழுவழுப்பாக ஒன்று தட்டுப்படும். ஓடு கோழி முட்டைபோலக் கெட்டியாக இருக்காது. தோல்போல நெகிழும், விரல் பட்ட இடத்தில் லேசாகக் குழியும். நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில் வெள்ளை வெளேரென்ற உருண்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி, குழியின் ஈர மணலையும் கொஞ்சம் போட்டு, துணிப்பையில் வைப்பார்கள். நூறு, நூற்றுப்பத்து, சில கூடுகளில் அதற்கும் மேல். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்வார்கள். கழுத்து குறுகலாகவும் அடி அகன்றும் சுமார் ஒன்றரை அடி ஆழத்தில் ஆமை தோண்டிய அதே வடிவத்தில் பொரிப்பகத்தில் ஒரு குழி தோண்டியாக வேண்டும்.

பையைக் குலுக்காமல், திருப்பாமல் தூக்கிக்கொண்டு நடப்பதிலும் அவசரத்திலும் ஓர் அறிவியல் இருக்கிறது. இட்ட சில மணி நேரத்தில் முட்டைக்குள் கரு மேல்பக்க ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். ஒட்டிய பிறகு முட்டையைப் புரட்டினால் அந்தப் பிடி அறுந்து கரு இறந்துவிடும். அதனால் விடிவதற்குள் புதிய குழிக்குள் முட்டைகள் போய்விட வேண்டும். நடையில் வந்தவர்களிடம் சில சமயம் அந்தப் பையைத் தருவார்கள். ஐந்து கிலோவுக்குள்தான் இருக்கும். வாங்கியவர்கள் அதற்குப் பிறகு பேசாமல் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இடம் மாற்ற வேண்டும், இட்ட இடத்திலேயே விட்டால் என்ன? நியாயமான கேள்வி. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இல்லாத கரையாக இருந்தால் அப்படியே விடுவதுதான் சரி. ஆமைதான் தேர்ந்தெடுத்த இடம், அதைவிட நல்ல இடம் நமக்குத் தெரிந்துவிடாது. நகரக் கரையில் அது முடியாது. தெரு நாய்கள் முதல் இரவிலேயே மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். தப்பிப் பொரிந்தாலும் விளக்குகள் கொன்றுவிடும். மணலிலிருந்து வெளிவருகிற குஞ்சுக்குக் கடல் எது என்று சொல்லித்தர யாரும் இல்லை. தாழ்வாக, வெளிச்சமாகத் தெரியும் அடிவானத்தை நோக்கி ஓடுவது அதன் பிறவிக் குணம். இயற்கையான கரையில் மணல்மேடும் மரங்களும் கருத்து நிற்க, வானத்தின் ஒளியைத் திருப்பித் தரும் கடல்தான் வெளிச்சமான பக்கம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கணக்கு பொய்த்ததில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்குகளும், அடுக்குமாடிக் கட்டடங்களும், உயர்கோபுர விளக்குகளும் வந்தபிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. குஞ்சுகள் சாலையை நோக்கிப் போகின்றன. வண்டிச் சக்கரத்திலும், காக்கை வாயிலும், வெயிலிலும் அந்த ஓட்டம் முடிந்துவிடுகிறது.

பொரிப்பகம் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு, அவ்வளவுதான். நாம் கெடுத்த கரைக்கு ஈடு செய்கிறோம். நடத்துபவர்களே இதைத் தயங்காமல் சொல்வார்கள், எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

இனி, நல்வாய்ப்பாக ஆமையே எதிர்ப்பட்டால். முன்னே போனவர் கையைத் தூக்குவார், எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். ஆமை மேட்டுக்கு ஏறி, இடம் பார்த்து, குழி தோண்டி முடிக்கும்வரை அருகே போகக் கூடாது. அந்த நேரத்தில்தான் அது மிரளும். முட்டையிடத் தொடங்கிவிட்டால் ஒருவித மயக்க நிலைக்குப் போய்விடும். சுற்றி நடப்பது அதைப் பெரிதாகப் பாதிக்காது. அப்போதுதான் பின்பக்கமாக, சிலர் சிலராக, அருகே அழைத்துப் போவார்கள். தலைப் பக்கம் போகக் கூடாது, தொடக் கூடாது, ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்கக் கூடாது.

குழி தோண்டுவதைச் சற்றுத் தள்ளியிருந்தாவது பார்க்க வாய்த்தால் கண்ணை எடுக்காதீர்கள். பின்துடுப்பு ஒன்று குழிக்குள் போகும். நுனி உள்ளங்கைபோல வளைந்து ஒரு பிடி மணலை அள்ளும். மேலே கொண்டுவந்து ஓரமாக வைக்கும். அதே நொடியில் மற்றத் துடுப்பு, குழி விளிம்பில் இருக்கும் மணலை முன்பக்கமாகச் சுண்டிவிடும், உள்ளே சரிந்துவிடாமல். பிறகு அது உள்ளே போகும், இது சுண்டும். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், கண்ணால் காணவே முடியாத குழியை இந்த ஒழுங்கோடு தோண்டுகிறது. துடுப்பு எட்டாத ஆழம் வந்ததும் நிறுத்தும். இரண்டு மூன்றாக முட்டைகள் விழத் தொடங்கும். பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்போது அதன் கண்ணிலிருந்து கொழகொழவென்று நீர் வழியும். "வலிக்குதா அதுக்கு?" என்று யாராவது கேட்காத இரவே இல்லை. அழுகை அல்ல. கடல் உணவோடும் கடல்நீரோடும் உடம்பில் சேரும் மிகை உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீருக்குள் அது தெரிவதில்லை, கரையில் தெரிகிறது. மணல் ஒட்டாமல் கண்ணைக் காப்பதற்கும் அது உதவுகிறது.

குழியை மூடியதும் பங்குனி ஆமை செய்கிற ஒரு காரியம் நம் கடல்களின் மற்ற ஆமைகளிடம் காண முடியாதது. உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டி, அடி ஓட்டால் மணலைத் தட்டித் தட்டி இறுக்கும். இடப்பக்கம் தூக்கி ஒரு தட்டு, வலப்பக்கம் தூக்கி ஒரு தட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அதிர்வு மணல் வழியாகத் தெரியும். பிறகு துடுப்பால் மணலை வாரி இறைத்து அடையாளத்தை அழித்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பும். கரையேறியதிலிருந்து எல்லாமாகச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அது இறங்கும் வழியில் யாரும் நிற்கக் கூடாது. சில வாரம் கழித்து அதே பருவத்தில் இன்னொரு முறையும் வரக்கூடும். குஞ்சுகளைப் பார்க்க ஒருநாளும் வராது.

உயிரோடு ஆமையைப் பார்க்காமல் திரும்பும் இரவுகளிலும் செத்த ஆமையைப் பார்த்துவிடுவீர்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது, குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முக்கியமாக. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடக்கும். பெரும்பாலும் உடம்பில் காயம் இருக்காது, மூச்சுமுட்டிச் செத்தவை. கடல் ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் இழுபடுகிறது. அதற்குள் மாட்டிய ஆமை திமிறித் திமிறி இருக்கிற காற்றைச் சீக்கிரமே தீர்த்துவிடும். முட்டையிட வருகிற ஆமைகள் கரையை ஒட்டிய கடலில்தான் வாரக்கணக்கில் காத்திருக்கும், அதே மாதங்களில் படகுகளும் அங்கேயே வருகின்றன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழகத்தில் விதி இருக்கிறது. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதோ ஏப்ரல் 15-இல், ஆமைப் பருவத்தின் உச்சம் முடிந்த பிறகு. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தீர்வு இல்லாமலில்லை. இழுவலையின் தொண்டையில் சாய்வாக ஒரு கம்பித் தடுப்பைப் பொருத்தினால் இறாலும் மீனும் கம்பிகளுக்கிடையே புகுந்து பின்பக்கம் போய்விடும், ஆமை கம்பியில் முட்டி மேலோ கீழோ உள்ள திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ற வடிவத்தை உருவாக்கியிருக்கிறது. கொஞ்சம் மீனும் நழுவிவிடும் என்பதால் படகுக்காரர்களுக்குத் தயக்கம். அந்த இழப்பை ஈடுகட்டாமல் விதியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பலிக்காது என்பது என் எண்ணம். மீனவர்களையெல்லாம் ஒரே தராசில் நிறுத்துவதும் சரியல்ல. கண்ணாடியிழைப் படகில் போகிற சிறு மீனவர்கள் வலையில் சிக்கிய ஆமைக்காகத் தங்கள் வலையையே அறுத்துவிடுவது உண்டு. பல குப்பங்களில் இரவுக் காவலும் முட்டை சேகரிப்பும் அந்த ஊர் இளைஞர்கள் கையில்தான் இருக்கிறது.

நடை முடிகிற இடத்தில் பொரிப்பகம். வேலிக்குள் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், தேதி, முட்டைகளின் எண்ணிக்கை. 45 முதல் 60 நாளில் பொரியும். நாள் நெருங்கியதும் குழிமேல் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். ஏப்ரல் வெயில் ஏறும்போது கீற்றோ வலையோ போட்டு நிழல் தருவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் போகப் போகப் பெண், கீழே ஆண். மிகவும் சுட்டால் கருவே வெந்துபோகும். கோடை கூடிக்கொண்டே போகிற காலத்தில் இந்த ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக் கணக்கு பொரிப்பகக்காரர்களின் நிரந்தரக் கவலை.

குஞ்சுகள் ஓட்டை உடைத்ததும் மேலே வந்துவிடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லாமாகச் சேர்ந்து மணலைக் கீழே தள்ளித் தள்ளி, இரண்டு மூன்று நாளில் மேலே வரும். மேல்மணல் சுட்டால் அசையாமல் காத்திருக்கும். குளிர்ந்தால் இரவு என்று தெரிந்துகொண்டு வெளியே வரும். உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் கறுப்பு உருவம். அலைக்குச் சில அடி முன்பாக மணலில் விடுவார்கள், கையில் தூக்கித் தண்ணீரில் போடமாட்டார்கள். அந்தச் சில அடியை அது தானே ஓடிக் கடக்கட்டும் என்பதற்காக. தான் பிறந்த பகுதியின் காந்தப்புலத்தை ஆமை மனத்தில் பதித்துக்கொள்கிறது என்றும், வளர்ந்தபின் திரும்பி வர அதுவே வழிகாட்டுகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் பலத்தில் முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்துப் பெரிதாகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இரவு நடைக்கு வர முடியாதவர்கள் மார்ச், ஏப்ரலில் மாலையில் குஞ்சு விடுவதைப் போய்ப் பார்க்கலாம். அதற்கு 7 கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.

வளர்ந்த ஆமைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று. 2021-இல் ஒடிசாக் கரையில் துடுப்பில் உலோகப் பட்டை பொருத்தி விடப்பட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இலங்கைப் பக்கமாக அங்கே போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். கீழைக்கரை ஆமை கீழைக்கரைக்கே வரும் என்ற எண்ணத்தை அந்த ஒரு பட்டை அசைத்துவிட்டது. நடையில் ஆமை கிடைத்தால் துடுப்பில் பட்டை இருக்கிறதா என்று தன்னார்வலர்கள் முதலில் பார்ப்பது இதற்காகத்தான்.

கடற்கரையை ஒட்டி வீடோ கடையோ விடுதியோ வைத்திருப்பவர்களுக்கு நடைக்கு வருவதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. ஜனவரி முதல் மே வரை இரவு 10 மணிக்கு மேல் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாததைத் தாழ்த்தி, மறைப்புப் போட்டு, மங்கலான மஞ்சளாக மாற்றுங்கள். கடல் பக்கச் சன்னல்களுக்குத் திரை போடுங்கள். பொரிப்பகக்காரர்கள் கண்ணில் படாமல் தப்பிய கூடுகள் ஒவ்வொரு பருவமும் சில இருக்கும், அவற்றிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு இது ஒன்றுதான் துணை.

வழிகாட்டி யாருமில்லாமல், தற்செயலாக இரவில் நீங்கள் மட்டும் ஆமையைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். கூட்டம் சேரவிடாதீர்கள். நாய் வந்தால் விரட்டுங்கள். கரைக்கு வந்ததைக் கடலுக்குள் தள்ளிவிடுவது உதவி என்று நினைத்துச் சிலர் அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அது முட்டையிட வந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். அது போனபின் அந்த இடத்தை மிதிக்காமல், தடத்தைக் கலைக்காமல், வனத்துறைக்கோ பக்கத்துப் பொரிப்பகத்துக்கோ தகவல் சொல்லி, ஆள் வரும்வரை காவலிருங்கள். முட்டையை நீங்களே தோண்டி எடுக்கக் கூடாது. கடல் ஆமைகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, எடுப்பது குற்றம். அனுமதி பெற்றுச் செய்கிறவர்களே சில மணி நேரக் கெடுவுக்குள், ஆழம் அளந்து, மேல்பக்கம் மாறாமல் மாற்றி வைக்கிற முட்டைகள் அவை.